இரண்டு கொப்பிகள்

நோய்களுக்கு ஒரு சமூகம் இடும் பெயர்களில் அந்நோய்களைப் பற்றிய அதன் அறிவும் அச்சமும் ஒருங்கே பதிந்திருக்கின்றன. நீரிழிவு என்னும் சொல், உடலினின்று நீர் ஓயாது இழிந்து போவதைக் கண்டு பிறந்தது. பண்டை வைத்தியர் மதுமேகம் என்றனர். சிறுநீர் இனிப்பதையும் எறும்புகள் அதனை நாடி வருவதையும் அவர்கள் அறிந்திருந்தனர். யாழ்ப்பாணத்தார் சலரோகம் என்பர். கொழும்பின் வடகோடியில், முகத்துவாரத்தில், அது வெறுமனே ‘சீனி’. “அவருக்குச் சீனி இருக்கு” என்று அயலவர் சொல்லும்போது, அலுமாரியில் இருக்கும் ஒரு பண்டத்தைச் சொல்வது போன்ற தொனியே கேட்கிறது. மாரடைப்பு என்னும் சொல்லின் நிலை வேறு. அதைக் குரல் தாழ்த்தியே சொல்கிறார்கள். முன்னையது மனிதனோடு கூடி வாழ்வது, பின்னையது அவனை ஒரே நாளில் கொண்டுபோவது என்பது பொதுவான எண்ணம். இவ்விரண்டிற்கும் உறவுண்டு என்பதைச் சொற்கள் காட்டவில்லை, மக்களும் காணவில்லை. காணாமையின் விலை பெரிது.

களனி கங்கை கடலைச் சேரும் வாயிலால் பெயர் பெற்ற ஊர் முகத்துவாரம். ஒருபுறம் மீன்பிடித் துறைமுகம், மறுபுறம் கொழும்புத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், நடுவே காளி கோயிலும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் நெருங்கிய தோட்டத்து வீடுகளும் அண்மைக் காலத்தில் எழுந்த அடுக்குமாடிகளும் என்று அமைந்தது அது. இங்கு வாழ்ந்த ஒரு தலைமுறை மூடை சுமந்தே சீவித்தது. அரிசி மூடை, சீனி மூடை, கோதுமை மா மூடை. அவ்வுழைப்புக்கு ஏற்றதாகவே உணவும் இருந்தது. விடியற்காலையில் அரை றாத்தல் பாணும் சம்பலும் சீனி கூடிய பிளேன்ரீயும். பகலில் குவித்த சோறும் மீன் குழம்பும். வேலை முடிந்து திரும்பும் வழியில் இன்னொரு பிளேன்ரீ. 1980களில் கொள்கலன் முறை துறைமுகத்தில் வேரூன்றியபோது மூடைகள் மறைந்தன. முதுகுகளுக்கு ஓய்வு கிடைத்தது. ஆயின் பாணின் அளவு குறையவில்லை. சோற்றுக் குவியலும் தாழவில்லை. சுமைகாரனின் உணவை உண்டு காவற்காரனின் நாற்காலியில் அமரும் வாழ்க்கை இவ்வாறு தோன்றியது. நோயின் தோற்றத்தைத் தனிமனிதரின் நாவடக்கமின்மையாகக் காண்போர், தொழில் மாறிய வேகத்தையும் உணவு மாறாத காரணத்தையும் கருத்திற் கொள்வதில்லை. மலிவானதும் வயிற்றை நிரப்புவதும் பாணும் சோறுமே எனின், அவற்றை உண்பவனைக் குறை கூறுவதில் நியாயம் அதிகம் இல்லை.

அத்தகைய முதியவர் ஒருவரின் வரலாறு இங்கு எடுத்துரைக்கத்தக்கது. வாலிபத்தில் மூடை சுமந்தவர். பின்னர் ஒரு களஞ்சியத்தில் காவலாளி. நாற்பத்தெட்டாம் வயதில் அவருக்குச் ‘சீனி’ இருப்பது தெரிய வந்தது. குளிசைகளை ஒழுங்காக விழுங்கினார், விருந்து நாட்கள் நீங்கலாக. சில ஆண்டுகளின் பின் நடந்து செல்லும்போது செருப்பு காலிலிருந்து கழன்றுபோவது அவருக்குத் தெரியாமற் போகத் தொடங்கியது. வீதியிற் செல்வோர் கூப்பிட்டுச் சொன்ன பின்னரே திரும்பிப் பார்ப்பார். வீட்டார் அதை வயதின் மறதி என்று சிரித்துக் கடந்தனர். அஃது உண்மையில் நரம்புகள் பட்டுவருவதன் அறிகுறி.

ஒரு நாள் விடியற்காலையில் அவருடைய சட்டை வியர்வையால் நனைந்தது. குமட்டல் எடுத்தது, மூச்சு இரைத்தது. “வாயுவாக்கும்” என்று மனைவி இஞ்சி இடித்துப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு வேலைக்கும் போனார். நான்காம் நாள் படியேற முடியாமல் நின்றபோதே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயினர். இ.சி.ஜி. தாளைப் பார்த்த வைத்தியர், நெஞ்சு நோவு எப்போது வந்தது என்று கேட்டார். “நெஞ்சு நோகவே இல்லையே, டொக்டர்” என்றார் முதியவர். வைத்தியர் நம்பவில்லை என நினைத்து மகள் அதையே சிங்களத்திலும் எடுத்துச் சொன்னாள். வைத்தியரோ நம்பினார். இருதயத் தசையின் ஒரு பகுதி இறந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன.

நோவில்லாத மாரடைப்பு முரண்போலத் தோன்றலாம். நெடுநாள் நீரிழிவு கால் நரம்புகளை மரக்கச் செய்வது போலவே, இருதயத்தின் துன்பத்தை மூளைக்கு எடுத்துச் செல்லும் தன்னாட்சி நரம்புகளையும் மரக்கச் செய்கிறது. கால் செருப்பை இழந்த செய்தி வராதது போல, இருதயம் குருதியை இழந்த செய்தியும் சிலருக்கு வருவதில்லை. நோவு கொடியதெனினும் அது தூதுவனும் ஆகும். தூதுவன் வராத வீட்டில் உதவியும் பிந்தியே வருகிறது. அடைபட்ட நாடியை முதற் சில மணித்தியாலங்களில் திறந்தால் காப்பாற்றக்கூடிய தசை, நான்காம் நாளில் வெறும் தழும்பாகிவிடுகிறது. நீரிழிவாளர் மாரடைப்பின் பின் மற்றவரிலும் கூடுதலாக இறப்பதற்கு இப்பிந்துதலும் ஒரு காரணம்.

ஏனைய காரணங்கள் நாடிகளிலேயே உள்ளன. இருதயத்திற்கு உணவூட்டும் முடியுரு நாடிகளின் உட்சுவர் மெல்லிய கலங்களால் ஆனது. குருதியில் மிஞ்சிய குளுக்கோசு ஆண்டுக்கணக்கில் அச்சுவரைக் கெடுக்கிறது. கெட்ட சுவரிற் கொழுப்புப் படிகிறது. குருதிச் சிறுதட்டுகள் வழமையிலும் எளிதாக ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. நீரிழிவற்ற ஒருவருக்கு நாடியின் ஓரிடத்தில் ஒரு தடை இருக்கலாம். நீரிழிவாளருக்குப் பல நாடிகளில், நுனிவரை, நெடுகிலும் படிவு காணப்படுவது பெரும்பான்மை. ஆற்றின் முகத்தில் மண் திட்டு விழுந்தால் வெட்டிவிடலாம்; ஆறு முழுவதும் தூர்ந்தால் எங்கு வெட்டுவது என்பது முகத்துவாரத்தாருக்கு விளக்க வேண்டாத உவமை. இவற்றோடு, நாடிகளில் அடைப்பில்லாவிடினும் நீரிழிவு இருதயத் தசையைத் தானே நலிவிக்கும். அமெரிக்காவின் பிரமிங்காம் நகர மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து அவதானித்தோர் 1974இல் வெளியிட்ட முடிவின்படி, நீரிழிவுள்ள ஆண்களுக்கு இருதயம் செயலிழக்கும் அபாயம் ஏனையோரிலும் இரு மடங்குக்கு மேல். பெண்களுக்கு ஐந்து மடங்கு.

பின்லாந்து மக்களைக் கொண்டு ஸ்டீவன் ஹாவ்னர் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. ஏழாண்டுக் காலத்தில், நீரிழிவும் இன்றி முன்பு மாரடைப்பும் இன்றி இருந்தோரில் நூற்றுக்கு 3.5 பேர் மாரடைப்புக்கு உள்ளாயினர். முன்பு ஒருமுறை மாரடைப்பு வந்த, ஆனால் நீரிழிவற்றோரில் இத்தொகை 18.8. மாரடைப்பே வராத நீரிழிவாளரில் 20.2. இரண்டும் உடையோரில் 45. நீரிழிவு ஒன்று மட்டுமே ஒருவரை ஏற்கெனவே மாரடைப்புக் கண்டவரின் வரிசையில் நிறுத்துகிறது என்பதே இதன் பொருள். பின்வந்த ஆய்வுகள் இச்சமன்பாடு எல்லா நீரிழிவாளருக்கும் பொருந்தாது, சற்று மிகை என்று திருத்தின. நோய் தொடங்கிய காலமும் சிறுநீரகத்தின் நிலையும் ஆளுக்காள் வேறுபடும். ஆயினும் அந்த 45ஐ எவரும் இலேசாக ஒதுக்கவில்லை.

சீனி தனியே வருவதுமில்லை. அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் 1988இல் நிகழ்த்திய புகழ்பெற்ற விரிவுரையொன்றில், இன்சுலினுக்கு உடல் செவிசாயாமை, உயர்ந்த குருதியமுக்கம், குருதிக் கொழுப்பின் சீர்கேடு ஆகியவை ஒன்றோடொன்று கூடித் திரிவதை எடுத்துக்காட்டி, அக்கூட்டத்திற்கு எக்ஸ் என்று பெயரிட்டார். உணவை உடல் சக்தியாகவும் சேமிப்பாகவும் மாற்றும் தொழிற்பாட்டை அனுசேபம் என்பதால், அது பின்னர் அனுசேபக் குணங்குறித்தொகுதி எனப் பெயர் பெற்றது. பருத்த இடை, உயர்ந்த குருதியமுக்கம், உண்ணாதிருக்கையிலும் கூடியிருக்கும் குளுக்கோசு, கூடிய திரைகிளிசரைட்டு, குறைந்த நற்கொழுப்பு என்னும் ஐந்தில் மூன்று இருப்பின் அத்தொகுதி உண்டென்பது பரவலான வரையறை. இத்தகைய பெயர் ஒன்று வேண்டுமா, தனித்தனிக் குறைகளின் கூட்டலிலும் மேலாக அது எதனைத் தெரிவிக்கிறது என்று 2005இல் அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்களே வினவின. வினா நியாயமானதே. ஆயினும் பெயரால் ஒரு பயன் விளைந்தது: வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு அறைகளில் பார்க்கப்பட்ட குறைகளை ஒரே உடலிற் சேர்த்துப் பார்க்க அது வைத்தியரைப் பழக்கியது.

தென்னாசியருக்கு இது பிறரிலும் நெருங்கிய விடயம். ஐரோப்பியரின் கண்ணுக்குப் பருமனற்றவராகத் தோன்றும் நம்மவர் பலர், மெலிந்த கைகால்களோடு வயிற்றில் மட்டும் கொழுப்பைச் சேர்ப்பவர்கள். எனவேதான் தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்று இடையின் எல்லை தாழ்த்தி வகுக்கப்பட்டது. தையற்காரரின் கணக்கில் முன்னையது முப்பத்தைந்தரை அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு, பின்னையது முப்பத்தொன்றரை. இலங்கை உள்ளிட்ட 52 நாடுகளில் நடந்த ‘இன்ரர்ஹார்ட்’ ஆய்வு, தென்னாசியர் தம் முதல் மாரடைப்பை ஏனையோரிலும் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்னதாக, ஐம்பத்து மூன்று வயதளவிற் காண்கின்றனர் என்று தெரிவித்தது. ஐம்பத்து மூன்று என்பது பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் இருக்கும் வயது.

இலங்கையின் கணக்கும் கவலை தருவது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாடளாவிய முறையில் நடந்த ஆய்வொன்று இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. நகரங்களில் அது 16.4. அவர்களுள் மூவரில் ஒருவருக்கு மேல் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். 2018, 2019இல் நடந்த இன்னோர் ஆய்வு நாடு முழுவதற்கும் 23 என்றது. இரு ஆய்வுகளின் அளவிடும் முறைகள் ஒன்றல்ல. எனவே இரண்டையும் நேரே கழித்து வளர்ச்சியைக் கணிப்பது பொருந்தாது. ஆயினும் திசை எதுவென்பதில் ஐயமில்லை.

முதியவரிடம் மீள்வோம். ஆசுபத்திரியிலிருந்து வந்தபோது அவரிடம் இரண்டு கிளினிக் கொப்பிகள் இருந்தன. ஒன்று பழையது, சீனிக்கு. மற்றது புதியது, நெஞ்சுக்கு. இரண்டும் இருவேறு நாட்களுக்கு உரியவை. அதிகாலையில் வெறுவயிற்றோடு பஸ் ஏறிப் போய் இலக்கம் எடுத்து, நண்பகல் வரை வாங்கில் அமர்ந்திருப்பது இரண்டுக்கும் பொது. ஒரு கிளினிக்கில் மற்றக் கொப்பியைக் காட்ட அவருக்குத் தோன்றவில்லை. நெரிசலில் எவரும் கேட்கவுமில்லை. இருதயத் துடிப்பைத் தணிக்க ஒரு கொப்பியில் எழுதப்பட்ட குளிசை, சீனி மிகத் தாழும்போது உண்டாகும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைக்கக்கூடியது. மற்றக் கொப்பியிலோ சீனியைத் தாழ்த்தும் குளிசை கூட்டி எழுதப்பட்டது. ஒரு மாலையில் அவர் படபடப்பு எதுவுமின்றி மயங்கிச் சாய்ந்தார். இம்முறை மகள் வாயிற் சீனி கரைத்து ஊற்றினாள். சீனியால் வந்த நோயாளியைச் சீனியே எழுப்பியதை அயலவர் பல நாள் வியந்து பேசினர்.

இதிற் குற்றவாளி எவருமில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கட்டணமின்றி இலட்சக்கணக்கானோரைப் பார்க்கும் ஒரு பொது மருத்துவ அமைப்பு, ஏழ்மையிலும் இந்நாடு காத்துவந்த செல்வங்களுள் ஒன்று. ஆயின் இருதயத்தை ஒரு துறையாகவும் சதையியின் கோளாற்றை இன்னொரு துறையாகவும் பிரித்த மருத்துவப் பிரிவினை, கொப்பிகளாகி நோயாளியின் கையில் வந்து சேர்கிறது. பிரித்ததைச் சேர்க்கும் பொறுப்பு, சேர்க்கும் ஆற்றல் மிகக் குறைந்தவரிடம் விடப்படுகிறது. கொப்பியோ ஆங்கிலத்தில் எழுதப்படுவது. தன் இருதயத்தின் வரலாற்றைத் தன் பையிற் சுமந்து திரியும் ஒருவருக்கு அதில் ஒரு வரியேனும் வாசிக்கத் தெரியாது. 1847இல் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியரைப் பயிற்றுவித்தார். அன்றே பெரும் நூல்களைத் தாங்கிய மொழிக்கு, ‘இந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன்’ என்று எழுதும் ஆற்றல் இன்று இல்லாமற் போகவில்லை.

முதியவரின் மூன்று நாடிகளிலும் அடைப்பு இருப்பதாகப் பின்னர் தெரிந்தது. கம்பிவலைக் குழாயான ஸ்டென்ட் இட்டு விரிப்பதா, நெஞ்சைத் திறந்து மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் சத்திரசிகிச்சையா என்ற கேள்வி எழுந்தது. குடும்பத்தார் முன்னையதையே விரும்பினர். மறுநாளே வீடு திரும்பலாம் என்பதால் யாரும் அதையே விரும்புவர். ஆயின் பல நாடிகளில் அடைப்புள்ள நீரிழிவாளர் 1,900 பேரைக் கொண்டு நடத்தி 2012இல் வெளியான ‘பிரீடம்’ என்னும் ஆய்வில், ஐந்தாண்டுகளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுள் ஒன்றுக்கேனும் ஆளானோர் ஸ்டென்ட் இட்டோரில் நூற்றுக்கு 26.6, பைபாஸ் செய்தோரில் 18.7. பக்கவாதம் மட்டும் பைபாஸ் செய்தோரிடம் கூடுதலாயிருந்தது. காரணம் முன்பே கூறப்பட்டது: ஸ்டென்ட் ஓரிடத்தைத் திறக்கிறது, நீரிழிவோ நெடுகிலும் தூர்க்கிறது. மாற்றுவழி, தூர்ந்த பகுதியைத் தாண்டிச் செல்கிறது. நீரிழிவற்ற ஒருவருக்குச் சரியான விடை நீரிழிவாளருக்குப் பிழையாகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. முதியவர் பைபாஸ் செய்துகொண்டார். நெஞ்சின் தழும்பை விடக் காலிலிருந்து நாளம் எடுத்த காயமே ஆற நெடுநாள் சென்றது.

அப்படியாயின் சீனியை முடிந்தவரை தாழ்த்திவிட்டால் எல்லாம் சீராகுமா? அறிவுலகமும் ஒருகாலம் அவ்வாறே எண்ணியது. ‘அக்கோர்ட்’ என்னும் வட அமெரிக்க ஆய்வில் 10,251 நீரிழிவாளரில் ஒரு பாதியினருக்குக் குளுக்கோசைச் சுகதேகிகளின் அளவுக்குக் கடுமையாகத் தாழ்த்த முயன்றனர். அப்பாதியிலேயே மரணங்கள் கூடியதால் 2008 பெப்ரவரியில் அம்முயற்சி இடைநிறுத்தப்பட்டது. மாறாக, டென்மார்க்கில் 160 பேரை மட்டுமே கொண்ட ‘ஸ்டெனோ’ ஆய்வு, சீனி, குருதியமுக்கம், கொழுப்பு, புகைத்தல், உணவு, நடை ஆகிய எல்லாவற்றையும் ஒருசேரக் கவனித்தது. இருதய, நாடி நோய்களின் நிகழ்வுகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இருபத்தோராண்டுகளின் பின் கணக்கிட்டபோது அவர்கள் மற்றப் பிரிவினரிலும் ஏறக்குறைய எட்டாண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தனர். ஒரே கொப்பியிற் பார்க்கப்பட்டவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

மருந்துகளிலும் ஒரு விந்தை நேர்ந்தது. 2015இல் வெளியான ஆய்வொன்று, எம்பாகிளிபுளோசின் என்னும் மருந்து இருதய நோயுள்ள நீரிழிவாளரிடம் இருதய மரணங்களை மூன்றிலொரு பங்குக்கும் மேலாகக் குறைத்ததைக் காட்டியது. இம்மருந்து செய்வது, சிறுநீரகத்தின் வழியே குளுக்கோசை வெளியேற்றிச் சிறுநீரை இனிக்கச் செய்வது. பண்டை வைத்தியர் நோயின் அடையாளமாகக் கண்ட எறும்பு, இன்று சிகிச்சையின் அடையாளமாகவும் வரக்கூடும். ஆயின் புதிய மருந்தின் விலை வேறு, பழைய மருந்தும் கிடைக்காத காலம் வேறு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் துண்டோடு கடை கடையாக அலைந்தவர்களுக்கு ஆய்வுகளின் முடிவுகளால் என்ன பயன்? ஒருநாள் விட்டு ஒருநாள் குளிசை விழுங்கி இருப்பை நீட்டியோர் முகத்துவாரத்திலும் இருந்தனர்.

இவ்வளவு நேரமும் பேசப்படாத ஒருவர், பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்த அந்த மனைவி. கணவனுக்குத் தனியே குரக்கன் பிட்டு அவித்துவிட்டு, மிஞ்சிய வெள்ளைப் பிட்டையும் முந்தின நாட் சோற்றையும் வீணாக்க மனமின்றித் தான் உண்டவள். இரு கிளினிக்குகளுக்கும் அவருடன் போய் வாங்கின் கோடியில் அமர்ந்திருந்தவள். ஒருநாளேனும் தன் விரலை நீட்டாதவள். மாதவிடாய் நிற்கும்வரை பெண்ணின் இருதயத்திற்கு இயற்கை தந்துள்ள காப்பை நீரிழிவு பெரிதும் பறித்துவிடுகிறது என்பதும், மாரடைப்பு பெண்களிடம் நோவின்றிக் களைப்பாகவும் குமட்டலாகவும் வருவது கூடுதல் என்பதும் அவளுக்கு எவரும் சொல்லாதவை. களைப்பு என்றால் வீட்டு வேலை என்றும் குமட்டல் என்றால் வாயு என்றும் விளக்கம் ஆயத்தமாக இருக்கும் வீட்டில் இது ஆபத்தானது.

2011 முதல் சுகாதார அமைச்சு நடத்திவரும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில், நோயில்லை என்று எண்ணுவோரின் குளுக்கோசு, குருதியமுக்கம், எடை ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கிறார்கள். வேலை நாட் காலைகளில் திறப்பதால் அங்கே ஆண்கள் வருவது குறைவு. மகள் தாயை ஒரு காலையில் வற்புறுத்தி அழைத்துப் போனாள். தாதி இடையை அளந்தபோது அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். தொண்ணூற்றொரு சென்ரிமீற்றர். வெறுவயிற்றுக் குளுக்கோசு 168. அன்றே அவளுக்கும் ஒரு கொப்பி கொடுக்கப்பட்டது. மகள் அதன் கடைசித் தாளிலிருந்து பின்னோக்கித் தமிழில் எழுதத் தொடங்கினாள்: திகதி, சீனி, அமுக்கம், இடை, குளிசைகளின் பெயர், மூச்சு வாங்கிய நாட்கள். தந்தையின் இரு கொப்பிகளில் இருந்தவற்றையும் அதற்குக் கீழே கேட்டுக் கேட்டுப் பிரதி செய்தாள். அடுத்த கிளினிக்கிற்கு அவர்கள் மூவரும் போனபோது, வைத்தியர் அந்தக் கடைசித் தாள்களைத்தான் முதலில் மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார்.